ஃப்ரீ பண்ண வேண்டியது யார்? சி மொழியில் துப்புரவு மேக்ரோக்கள் வந்த கதை

இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவது பெரும்பாலும் கடலூர்த் துறைமுகம், தேவனாம்பட்டினத்துக் கோட்டை, சிதம்பரம் பக்கத்துக் கல்வெட்டுகள் மாதிரியான பழைய சமாச்சாரம். இந்தத் தடவை கொஞ்சம் மாறுதல். வயிற்றுப்பாட்டுக்கு நான் பார்க்கிற தொழிலுக்கும் ஒரு வரலாறு இருக்கு இல்லையா, அதில் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டேன். சி மொழியில் எழுதின புரோகிராம், தான் வாங்கின மெமரியைத் தானாகவே திருப்பிக் கொடுக்கும்படி செய்கிற மேக்ரோக்கள். அவை எப்போது வந்தன, ஏன் ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு மாதிரி எழுதிக்கொண்டது என்பதுதான் விஷயம்.

என்னை உள்ளே இழுத்தது ஒரு கணக்கு. இதற்கான அடிப்படை வசதி ஜிசிசி கம்பைலரின் 3.3 பதிப்பிலேயே, 2003இல் வந்துவிட்டது. லினக்ஸ் கர்னல் அதை வைத்துப் பொதுவான மேக்ரோக்களைச் சேர்த்துக்கொண்டது 2023இல். நடுவில் 20 வருஷம். கம்பைலர் தயாராக இருந்தும் ஏன் இவ்வளவு காலம்? கமிட் குறிப்புகளையும் கையேடுகளையும் புரட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: தானாக விடுவிப்பது பெரிய வித்தை இல்லை. நூற்றுக்கணக்கான பேர் அதை ஒரே மாதிரி எழுதி, ஒரே மாதிரி படிக்கும்படி ஒரு வடிவம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சி தெரியாதவர்களுக்கு நாலு வரி. சி-யில் மெமரி வேணும்னா மல்லாக் என்ற ஃபங்ஷனிடம் கேட்டு வாங்கணும். வேலை முடிந்ததும் ஃப்ரீ என்ற ஃபங்ஷனிடம் திருப்பிக் கொடுக்கணும். மறந்தால் அந்த இடம் புரோகிராம் முடியும்வரை பூட்டியே கிடக்கும். அதுதான் மெமரி லீக். ஒரே இடத்தை ரெண்டு தடவை திருப்பிக் கொடுத்தால் இன்னும் மோசம். புரோகிராம் கவிழும், சில சமயம் வெளியாள் உள்ளே நுழையக்கூட வழி திறந்துவிடும்.

யாரும் பயன்படுத்தாத இடத்தை மொழியே தேடிப்பிடித்து மீட்டுக்கொள்ளும் முறை, 1960இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழி பற்றி எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி-யை உருவாக்கியபோது அந்த வழிக்குப் போகவில்லை. யூனிக்ஸையே அதில் எழுத வேண்டியிருந்தது. அன்றைய எந்திரங்களின் மெமரிக்குப் பின்னணியில் ஒருவர் பெருக்கிக்கொண்டே இருப்பது கட்டுப்படியாகாது. ஆனாலும் சி-யில் ஆட்டோ என்று ஒரு சொல் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஃபங்ஷனுக்குள் அறிவிக்கிற சாதாரண மாறிகள் எல்லாம் ஆட்டோ வகை, ஃபங்ஷனை விட்டு வெளியே வந்ததும் தானாக மறைந்துவிடும். மறைவது மாறி மட்டும்தான். அந்த மாறி ஒரு பாயின்ட்டர் என்றால், முகவரி எழுதின சீட்டு கிழிந்துபோகும், வீடு அங்கேயே நிற்கும். சாவி யாரிடமும் இருக்காது.

1990களின் கடைசியில் பி.இ. படித்த எங்களுக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லை. டர்போ சி, நீலத் திரை, பாலகுருசாமி புத்தகம். லிங்க்டு லிஸ்ட் பயிற்சியில் கடைசியாக ஃப்ரீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் திரையில் வருவது ஒன்றுதான், கிடைக்கிற மார்க்கும் ஒன்றுதான். புரோகிராம் ரெண்டு நிமிஷம் ஓடும், முடியும், எல்லா மெமரியும் இயங்குதளத்திடம் திரும்பிவிடும்.

நாள்கணக்கில் நிற்காமல் ஓடுகிற பெட்டிகளில்தான் லீக் தன் வேலையைக் காட்டும். சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் போனால் இறால் குட்டைகளைப் பார்க்கலாம். குட்டைத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் விடியற்காலைக்குச் சற்று முன்னால்தான் ரொம்பவும் இறங்கும். பகலில் பாசி ஆக்ஸிஜன் உண்டாக்கும், ராத்திரி அதுவே மூச்சு விட்டு எடுத்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் இறங்குவதைச் சரியான நேரத்தில் கவனித்து ஏரேட்டரைப் போடாவிட்டால் குட்டையே போய்விடும். நாலு குட்டைகளின் சென்சார்களை ஒரே பெட்டி படித்து, அளவு இறங்கினால் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். வேறு ஊரில் வேறு ஒருவர் எழுதின கோட், பராமரிப்புக்கு என்னிடம் வந்தது. "தம்பி, வாரத்துக்கு ஒரு ராத்திரி உங்க பொட்டி தூங்கிடுது"ன்னு குட்டைக்காரர் சொன்னதோடு கூடவே வந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஒவ்வொரு வாசிப்புக்கும் 256 பைட் வாங்குகிறார்கள். வாசிப்பு வெற்றி என்றால் ஃப்ரீ. தோல்வி என்றால் பிழை எண்ணோடு அப்படியே வெளியே. மேஜைமேல் வைத்து டெஸ்ட் பண்ணும்போது சென்சார் தோற்றதே இல்லை. குட்டைக்கரையில் உப்புக்காற்று பட்டு நாலில் ஒரு கனெக்டர் அரித்துப்போனதும், அந்தச் சென்சாரின் வாசிப்பு ஒவ்வொன்றும் தோல்வி. 5 விநாடிக்கு ஒரு வாசிப்பு என்றால் நாளைக்கு 17,280. தலா 256 பைட் என்றால் நாளைக்குச் சுமார் 4.4 எம்பி. பெட்டியில் மிச்சமிருந்தது ஏறக்குறைய 30 எம்பி. ஏழாவது நாள் பெட்டி சாயும், ஒழுங்காக இருந்த மற்ற மூன்று சென்சாரையும் சேர்த்துக்கொண்டு.

இந்த மாதிரி லீக்கெல்லாம் ஏறக்குறைய எப்போதும் பிழைப் பாதையில்தான் ஒளிந்திருக்கும். நல்ல பாதையைத் தினமும் ஆயிரம் பேர் நடந்து பார்க்கிறார்கள். பிழைப் பாதையில் யாரும் நடப்பதில்லை. ஒரு ஃபங்ஷனில் மூன்று பொருள்களை வரிசையாக வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கிடைக்காமல் வெளியேறலாம், ரெண்டாவது கிடைக்காமல் வெளியேறலாம், மூன்றும் கிடைத்த பிறகு வேலை தோற்று வெளியேறலாம். ஒவ்வொரு வாசலிலும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பட்டியல் வேறு.

இதற்குச் சி-காரர்கள் கண்ட பழைய வைத்தியம் கோட்டூ. பாடப் புத்தகத்தில் தீண்டத்தகாததாக வைத்திருந்த அதே கோட்டூதான். ஃபங்ஷனின் அடியில் துப்புரவு வரிகளை எடுத்ததற்கு நேர் எதிர் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் வைத்துவிடுவார்கள். எங்கே தோற்றாலும் அதற்குரிய லேபிளுக்குத் தாவினால் போதும், அங்கிருந்து கீழே எல்லாம் சறுக்கிக்கொண்டு சுத்தமாகும். லினக்ஸ் கர்னலின் எழுத்துநடைக் கையேட்டில் ஏழாவது பகுதியே இதற்குத்தான். லேபிளுக்கு எர்1, எர்2 என்று எண் வைக்காதே, எதை விடுவிக்கிறதோ அதைப் பெயராக வை என்றுகூடச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே லேபிள் வைத்துக்கொண்டால் வருகிற வழுவுக்கு 'ஒன் எர் பக்' என்று தனிப் பெயரே கொடுத்திருக்கிறார்கள். 

கோட்டூ முறை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு 2014 பிப்ரவரியில் வெளிவந்த ஆப்பிள் வழுவைப் பார்க்கலாம். இணையத் தொடர்பில் எதிர்முனையின் கையெழுத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷன். எல்லாத் தோல்விகளும் அடியில் உள்ள ஃபெயில் என்ற லேபிளுக்குப் போகும், அங்கே பஃபர்களை விடுவிப்பார்கள். நடுவில் ஓரிடத்தில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி ரெண்டு தடவை விழுந்துவிட்டது. முதலாவது இஃப்-க்குள் அடங்கியது. ரெண்டாவது எந்த நிபந்தனையும் இல்லாமல் எப்போதும் தாவும். தாவும்போது பிழை எண்ணோ பூஜ்யம், அதாவது வெற்றி. கையெழுத்தைச் சரிபார்க்காமலே 'சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. மெமரி மட்டும் ஒழுங்காக ஃப்ரீ ஆனது! துப்புரவுக்கென்று கட்டின வழியில் பாதுகாப்பு வழுக்கி விழுந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

கோட்டூவில் எனக்குப் படுகிற அடிப்படைக் குறை தூரம். வாங்குவது பத்தாவது வரியில், திருப்பிக் கொடுப்பது தொண்ணூறாவது வரியில். நடுவில் ஒருவர் புதிதாக ஒரு வரி சேர்த்தால் ரெண்டு முனையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இங்கே என் பழைய பைத்தியம் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு தானம் பரவலாக வரும். ஒரு விளக்குக்கு 96 ஆடு, அதற்கு நாள்தோறும் உழக்கு நெய். ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் யார், அளக்க வேண்டியது எவ்வளவு என்பதெல்லாம் ஆட்டைக் கொடுத்த செய்தி இருக்கிற அதே கல்லில் இருக்கும். ஆடு சாகலாம், ஆனால் கணக்கில் அது சாவா மூவாப் பேராடு, எண்ணிக்கை குறையக்கூடாது. கொடுத்ததை ஒரு சுவரிலும் கடமையை இன்னொரு சுவரிலும் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜிசிசி கொடுத்த கிளீனப் என்ற பண்பு செய்வது அதைத்தான். மாறியை அறிவிக்கிற இடத்திலேயே, 'இந்த மாறி ஸ்கோப்பை விட்டுப் போகும்போது இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று எழுதிவிடலாம். ஸ்கோப் என்பது அந்த மாறி இருக்கிற நெளிவு அடைப்புக்குறி. ரிட்டர்னில் போனாலும், கோட்டூவில் தாவினாலும், பிரேக்கில் வெளியே வந்தாலும் கம்பைலரே அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும். எக்ஸிட், லாங்ஜம்ப் வழியாக ஓடிப்போனால் மட்டும் கூப்பிடாது.

அப்புறம் என்ன, எல்லா மாறிக்கும் கிளீனப் என்று போட்டு அடைப்புக்குள் ஃப்ரீ என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று தோணும். அங்கேதான் குழி. கம்பைலர் அந்த ஃபங்ஷனுக்கு மாறியின் மதிப்பைத் தருவதில்லை, மாறி இருக்கிற இடத்தின் முகவரியைத் தருகிறது. பாயின்ட்டர் மாறி என்றால் பாயின்ட்டருக்குப் பாயின்ட்டர். நேரடியாக ஃப்ரீயைக் கொடுத்தால் அது வீட்டை விட்டுவிட்டு, முகவரி எழுதின சீட்டையே இடிக்கப் போகும். ஃப்ரீ எந்தப் பாயின்ட்டரையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் என்பதால், வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் தடுக்கவும் தடுக்காது. ஆகவே நடுவில் ஒரு சின்ன உறை ஃபங்ஷன் வேணும். ஃபைலை மூட ஒன்று, டைரக்டரியை மூட ஒன்று என்று ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒன்று. நூறு வகை இருந்தால் நூறு உறை. ஒவ்வொருவரும் தன் இஷ்டப்படி பெயர் வைக்க ஆரம்பித்தால் அந்தக் கோடைப் படிக்கவே முடியாது. மேக்ரோ அவசியமானது இதனால்தான்.

இன்னொரு விதியும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. மாறிக்கு மதிப்புப் போடுவதற்கு முன்பே ஃபங்ஷன் வெளியேறினால், உள்ளே கிடக்கும் குப்பை முகவரியை ஃப்ரீ பண்ணிவிடும். அதனால் அறிவிக்கும்போதே நல் போட வேண்டும். ஃப்ரீ நல்லைப் பார்த்தால் சும்மா இருந்துவிடும். ஃபைல் எண்ணுக்கு இது பொருந்தாது. அங்கே 0 என்பது உண்மையான ஃபைல், வழக்கமாக உள்ளீடு வரும் வழியே அதுதான். ஆகவே அதற்கு வெறுமை என்றால் மைனஸ் எண். 'எல்லாவற்றையும் பூஜ்யமாக்கு' என்கிற எளிய விதி இங்கே உடைகிறது. ஒருமைப்பாடு பற்றிப் பேசும்போது இந்த மாதிரிச் சில்லறை விதிவிலக்குகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

பெரிய அளவில் இதை எடுத்துக்கொண்டவர்களில் முன்னால் நின்றது சிஸ்டம்டி. 2010இல் ஆரம்பித்த திட்டம். அடுத்த சில வருஷங்களில் அதன் கோட் முழுக்க கிளீனப்_ஃப்ரீ, கிளீனப்_குளோஸ், கிளீனப்_எஃப்குளோஸ் என்று மேக்ரோக்கள் பரவின. பெயரில் முதலில் கிளீனப், அப்புறம் செயல். உறை ஃபங்ஷனுக்கு, அசல் பெயரோடு கடைசியில் ஒரு 'பி' சேர்ப்பார்கள்: ஃப்ரீ என்றால் ஃப்ரீபி, எஃப்குளோஸ் என்றால் எஃப்குளோஸ்பி. பாயின்ட்டருக்குப் பாயின்ட்டர் வாங்குகிறது என்பதற்கு அந்த 'பி' அடையாளம். இந்த உறைகளை உற்பத்தி செய்யவும் ஒரு மேக்ரோ. புதிதாக ஒரு வகை சேர்க்கிறவர் ஒரு வரி எழுதினால் போதும், பெயர் தானாகவே முறைப்படி அமைந்துவிடும். ஒருவர் ஒழுங்காகப் பெயர் வைப்பாரா என்று நம்பிக்கொண்டிருக்காமல், ஒழுங்கில்லாமல் வைப்பதைச் சிரமமாக்கிவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

தானாக விடுவிப்பதோடு கூடவே வருகிற தலைவலி ஒப்படைப்பு. ஃபங்ஷன் ஒரு பொருளை உருவாக்கி, கூப்பிட்டவரிடம் கொடுக்க வேண்டும் என்றால் வாசலில் அதை விடுவித்துவிடக் கூடாது. வழி என்னவென்றால், மதிப்பை வெளியே எடுத்து, மாறியில் நல் வைத்துவிடுவது. ரெண்டு வரி வேலை. அதையே ஒரு மேக்ரோவாக்கிப் பெயர் வைத்தார்கள். சிஸ்டம்டியில் 'டேக்', எடுத்துக்கொள். ஜிலிபில் 'ஸ்டீல்', அதாவது திருடு! கர்னலில் 'நோ_ஃப்ரீ', விடுவிக்காதே. ஒரே செயலுக்கு மூன்று மனநிலை. என்னைக் கேட்டால் எடுத்துக்கொள் என்பதுதான் பொருத்தம். நம்முடைய பொருளை நாமே கொடுப்பதில் திருட்டு எங்கே வந்தது?

ஜிலிப் என்பது குனோம் மேஜைத்தளத்துக்கு அடியில் இருக்கிற நூலகம். அதற்கு முன்னோடியாகக் காலின் வால்டர்ஸ் என்பவரின் லிப்ஜிசிஸ்டம் என்ற சிறு நூலகத்தில் ஜிஎஸ்_ஃப்ரீ மாதிரியான மேக்ரோக்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. 2015 மார்ச்சில் வந்த ஜிலிப் 2.44இல் இது அதிகாரபூர்வமானது: ஜி_ஆட்டோஃப்ரீ, ஜி_ஆட்டோபிடிஆர், ஜி_ஆட்டோ. சிஸ்டம்டி எந்தச் செயல் நடக்கும் என்பதைப் பெயரில் வைத்தது. ஜிலிப் அதை வகையோடு கட்டியது. ஜிஃபைல் என்ற வகையை உருவாக்கினவர், இதை எப்படி விடுவிப்பது என்று ஒரே ஒரு தடவை அறிவித்துவிடுவார். பயன்படுத்துகிறவர் ஜி_ஆட்டோபிடிஆர் போட்டு அடைப்புக்குள் ஜிஃபைல் என்று எழுதினால் முடிந்தது. விடுவிக்கும் ஃபங்ஷனின் பெயரே அவருக்குத் தெரிய வேண்டாம்.

ஆனால் ஒரு நெருடல். ஜி_ஆட்டோஃப்ரீயில் சார் என்று எழுதி நட்சத்திரக் குறி போடணும். ஜி_ஆட்டோபிடிஆரில் நட்சத்திரம் போடவே கூடாது. புதுசா வருகிறவர்கள் எல்லாரும் இங்கே தடுக்கி விழுவார்கள். இது அலட்சியம் இல்லை, மேக்ரோவின் இயல்பு. வகையின் பெயரை இன்னொரு சொல்லோடு ஒட்டித்தான் உறை ஃபங்ஷனின் பெயரை உண்டாக்குகிறார்கள். சொல்லோடு சொல் ஒட்டும், சொல்லோடு நட்சத்திரம் ஒட்டாது. நம்ம புணர்ச்சி விதி மாதிரிதான், எதோடு எது சேரும் என்பதில் இலக்கணம் கண்டிப்பாக இருக்கும். இன்னொன்று, விண்டோஸின் விஷுவல் சி கம்பைலரில் இந்தப் பண்பு கிடையாது. அங்கேயும் ஓட வேண்டிய கோடில் இந்த மேக்ரோக்களைப் போடாதே என்று ஜிலிபின் ஆவணமே எச்சரிக்கிறது.

ஒருமைப்பாட்டின் விலை என்ன என்பதை மெய்நிகர் எந்திரங்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் திட்டம்தான் நன்றாகக் காட்டுகிறது. 2018இல், கூகுள் சம்மர் ஆஃப் கோட் மாணவர் பணியாகத் தன் பழைய கோடை இந்த முறைக்கு மாற்ற ஆரம்பித்தது. தனக்கென்று சொந்தமாக விர்_ஆட்டோஃப்ரீ, விர்_ஆட்டோபிடிஆர், விர்_ஆட்டோஅன்ரெஃப் என்று மேக்ரோக்கள். விர்_ஆட்டோஃப்ரீயில் நட்சத்திரம் அடைப்புக்கு உள்ளே, விர்_ஆட்டோபிடிஆரில் நட்சத்திரமே இல்லை. ஃபைல் ஃபைலாக மாற்றிக்கொண்டு போனார்கள். 2019 கடைசியில் திட்டம் ஜிலிபையே அடித்தளமாக ஏற்றுக்கொள்ள முடிவு செய்ததும், அந்த மேக்ரோக்களை எல்லாம் மறுபடி ஜிலிபின் பெயர்களுக்கு மாற்றினார்கள். ஒரே வருஷ இடைவெளியில் அதே வரிகளுக்கு ரெண்டாவது வேலை. வீண் என்று தோன்றலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் சுற்றில் துப்புரவு வரிகளை அடியிலிருந்து அறிவிப்புக்கு நகர்த்தும் கடினமான வேலை முடிந்துவிட்டது. ரெண்டாவது சுற்று பெரும்பாலும் பெயர் மாற்றம்.

கர்னலுக்கு வருவோம். பீட்டர் சைல்ஸ்ட்ரா எழுதின கிளீனப் தலைப்புக் கோப்பு, 2023 ஆகஸ்டில் வெளியான 6.5 பதிப்போடு வந்தது. இங்கே மூன்றாவது வடிவம். விடுவிக்கும் முறைக்கு முதலில் ஒரு பெயர் பதிவு செய்ய வேண்டும், அதற்கு டிஃபைன்_ஃப்ரீ. பிறகு மாறியின் பெயரை எழுதி, அதற்குப் பின்னால் ஃப்ரீ என்று போட்டு அடைப்புக்குள் அந்தப் பதிவுப் பெயர். வகையோடு கட்டாததற்கு நான் காணும் காரணம் இது: கர்னலில் ஒரே வகைப் பாயின்ட்டரை வேறு வேறு கிடங்கிலிருந்து வாங்கலாம், கிடங்குக்குக் கிடங்கு திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷன் வேறு. வகையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதுபோக, கர்னல் ஃபங்ஷன்கள் தோற்றால் பல சமயம் நல்லைத் தருவதில்லை, பிழை எண்ணையே பாயின்ட்டர் வேஷத்தில் அனுப்பும். அதையும் அடையாளம் கண்டு விட்டுவிட வேண்டும். பூட்டுகளுக்குக் கார்ட் என்று தனி மேக்ரோ. பூட்டின வரியிலேயே திறப்பதற்கும் ஏற்பாடு ஆகிவிடும்.

இந்த மேக்ரோக்களுக்காகக் கர்னல் தன் பழைய பழக்கம் ஒன்றையும் விட வேண்டியிருந்தது. மாறிகளை எல்லாம் அடைப்புக்குறியின் தலையில்தான் அறிவிக்க வேண்டும், நடுவில் அறிவித்தால் கம்பைலர் எச்சரிக்கும் என்று இருந்தது. அந்த எச்சரிக்கையை அணைத்தார்கள். ஏன் என்றால், துப்புரவு நடப்பது அறிவித்ததற்கு நேர் எதிர் வரிசையில். தலையிலேயே ஒரு பாயின்ட்டரை நல் என்று அறிவித்துவிட்டு, அடுத்து பூட்டுப் போட்டு, அதற்கப்புறம் பாயின்ட்டருக்குப் பொருளை வாங்கினால் என்ன ஆகும்? வெளியேறும்போது முதலில் பூட்டுத் திறக்கும், பிறகுதான் பொருள் விடுவிக்கப்படும். பூட்டுக்குள் விடுவிக்க வேண்டிய பொருள் என்றால் அவ்வளவுதான். எனவே வாங்குகிற இடத்திலேயே அறிவி, தலையில் நல் போட்டு வைக்காதே என்று ஆவணத்தில் விதி எழுதினார்கள். மேலே நான் சொன்ன 'அறிவிக்கும்போதே நல் போடு' என்ற விதிக்கு இது கிட்டத்தட்ட நேர் எதிர். ரெண்டும் அதனதன் இடத்தில் சரி. கோட்டூவையும் இதையும் ஒரே ஃபங்ஷனில் கலக்காதே என்பது இன்னொரு விதி. கோட்டூ ஒரு அறிவிப்பைத் தாண்டிக் குதித்தால் மாறியில் மதிப்பு இருக்காது, துப்புரவு மட்டும் நடக்கும்.

கர்னலுக்குள்ளேயே எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா என்றால் இல்லை. நெட்வொர்க் பகுதியின் பராமரிப்பாளர் கையேடு இதை இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. 20 வரிக்கு மேல் போகும் ஃபங்ஷனில் கார்ட் போடுவதை ஊக்குவிப்பதில்லை. டிரைவர் கோடில் நேரடியாக ஃப்ரீ மேக்ரோ போடுவதையும் விரும்புவதில்லை. எங்கே பூட்டு திறக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அந்தப் பக்கத்து நியாயம் என்று புரிந்துகொள்கிறேன். அதில் அர்த்தம் இருக்கு. தானாக நடப்பது எல்லாமே ஒருவகையில் கண்ணுக்கு மறைந்து நடப்பதுதான்.

கிள்ளைப் பெட்டிக்கு நாங்கள் எடுத்தது ஜிலிப் வழி. ஆனால் ஜிலிபே வேண்டாம், பெட்டி சின்னது. வகையோடு கட்டிய ஒரு மேக்ரோ, வெறும் மெமரிக்கு ஒன்று, ஒப்படைக்க ஒன்று, ஆக மூன்றே சொல். எந்த வகைக்கும் நட்சத்திரம் கிடையாது. அதற்காகச் சார் பாயின்ட்டருக்குக்கூடத் தனியாக ஒரு வகைப் பெயர் வைத்துவிட்டோம். ஃபைல் எண்ணை ஒரு சின்ன ஸ்ட்ரக்சருக்குள் வைத்து, அதன் தொடக்க மதிப்பையும் மேக்ரோவே போடும்படி செய்தோம், மைனஸ் ஒன்றா பூஜ்யமா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்யும் பையன் கேட்டான், "அண்ணே, மேக்ரோவுக்குத் தமிழ்லயே பேர் வச்சா கம்பைலர் ஏத்துக்குமா?" ஏற்கும். ஜிசிசி 10இலிருந்து மாறிப் பெயர்களை நேரடியாக யூனிகோடில் எழுதலாம். விடு, எடு, கொடு என்று வைத்துப் பார்த்தோம், அழகாகக் கம்பைல் ஆனது. வாடிக்கையாளரின் கோட் தணிக்கையை நினைத்து மறுபடி ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொண்டோம். பையனுக்கு வருத்தம்தான்.

சி மொழியின் தரக் குழுவிலும் இது பேச்சில் இருக்கிறது. கோ மொழியில் இருப்பது போல டிஃபர் என்ற சொல்லைக் கொண்டுவர முன்மொழிவுகள் வந்தன. சி23 தரத்தில் அது சேரவில்லை, தனித் தொழில்நுட்ப விவரக்குறிப்பாக வேலை நடக்கிறது. கோ-வில் டிஃபர் ஓடுவது ஃபங்ஷன் முடியும்போது. சி-க்கு முன்மொழிந்தது ஸ்கோப் முடியும்போது ஓடுவது. லூப்புக்குள் எழுதினால் இந்த வித்தியாசம் பெரிசு. கோ-வில் லூப் முழுக்க எடுத்தது எல்லாம் ஃபங்ஷன் முடியும்வரை காத்துக் கிடக்கும், சி-யில் ஒவ்வொரு சுற்றுக்கும் அப்போதைக்கப்போது விடுபடும். டிஃபர் வந்தால் பாயின்ட்டருக்குப் பாயின்ட்டர் குழி மூடிவிடும், உறை ஃபங்ஷன் தேவைப்படாது, நட்சத்திரத் தகராறும் போய்விடும். ஒப்படைப்பு மட்டும் அப்படியே நிற்கும். பொருளை வெளியே கொடுத்துவிட்டு மாறியில் நல் வைக்கும் அந்த ரெண்டு வரிக்கு, டேக் என்றோ ஸ்டீல் என்றோ ஒவ்வொரு திட்டமும் அப்போதும் ஒரு மேக்ரோ எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.